மலாக்கா மதிலின் பலம் இந்த மண்ணிலிருந்து வந்தது

மலாக்காவில் செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் சாந்தியாகோ வாசலைப் பார்க்காத தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இந்த மாநிலத்தில் குறைவு. அங்கே அவர்களுக்குச் சொல்லப்படும் கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்: போர்த்துகீசியர் கட்டினார்கள், டச்சுக்காரர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் இடித்தார்கள். இதில் பிழை இல்லை. ஆனால் மூன்று அரசுகளின் பெயரைச் சொல்லும் இந்தக் கதை, மதிலாக நின்ற கல்லைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கோட்டை ஏறத்தாழ 300 ஆண்டுகள் நின்றது, பல முற்றுகைகளைத் தாங்கியது, கடைசியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்த பிறகே விழுந்தது. இதற்குக் காரணம் அதன் வடிவம் மட்டும்தானா? வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதிலும் முக்கியமான பகுதி இத்தாலியிலிருந்து வந்தது. ஆனால் மதிலுக்கு உயிர் கொடுத்த பொருள், ஜாசினிலும் நியாலாஸிலும் நம் தோட்டத்துப் பாதைகளில் செந்நிறமாகக் கிடக்கும் அதே மண்தான். கல்லின் கதை தெரியாமல் மலாக்காக் கோட்டையின் கதையை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். இடைக்கால இத்தாலிய நகரங்களின் மதில்கள் உயரமானவை, ஒப்பீட்டளவில் மெல்லியவை. ஏணி வைத்து ஏறுபவனைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை, ஆகவே உயரமே பாதுகாப்பு. ஒவ்வொரு நகர்ப் பகுதிக்கும் ஒரு வாசல் இருக்கும், வாசலுக்கு மேல் காவல் கோபுரம் எழும். காலையில் திறந்து இரவில் மூடும் அந்த வாசல்களில்தான் சுங்கம் வாங்கினார்கள், அந்நியரை விசாரித்தார்கள். 1494இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் புகுந்தபோது இந்த முறை ஆட்டம் கண்டது. உயரமான மதில் பீரங்கிக்கு எளிய குறி. அதன் அடியில் குண்டுகள் திரும்பத் திரும்ப விழுந்தால் மேல்பாகம் தன் பாரத்தாலேயே சரியும். இதற்கு இத்தாலியப் பொறியாளர்கள் கண்ட விடை, மதிலைத் தாழ்த்திப் பருமனாக்குவது, உள்ளே மண்ணை நிரப்புவது, மூலைகளில் கூர்முனை கொண்ட கொத்தளங்களை முன்தள்ளிக் கட்டுவது. ஒரு கொத்தளத்தில் நிற்கும் பீரங்கி அடுத்த கொத்தளத்தின் முகப்பைக் காக்கும். எதிரி ஒளிந்து நிற்க மதிலடியில் இடமே இருக்காது.

இந்த இரண்டு காலங்களும் மலாக்காவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. சுல்தான்கள் காலத்தில் நகரைக் காத்தவை மரத்தாலான தடுப்பரண்கள். 1511 ஆகஸ்டில் நகரைப் பிடித்த அஃபோன்சோ டி அல்புகெர்க் ஆற்றின் முகத்துவாரத்தில் உடனே கோட்டை எழுப்பத் தொடங்கினார். அதன் நடுவில் நின்றது பல மாடிக் கோபுரம். ‘பேர் பெற்றது’ என்ற பொருளில் அ ஃபமோசா என அழைக்கப்பட்ட அந்தக் கோபுரம் இடைக்கால முறைப்படி உயரத்தை நம்பியது. பின்னர் அதே நூற்றாண்டில் குன்று முழுவதையும் வளைத்து மதில் எழுந்தது, கொத்தளங்கள் வந்தன. போர்த்துகீசியரின் ஆசியக் கோட்டைகளுக்குத் தலைமைப் பொறியாளராக இருந்த மிலான் நகரத்து இத்தாலியர் ஜோவான்னி பத்திஸ்தா கைராத்தி மலாக்கா அரணுக்கும் திட்டம் வகுத்தார். கென்யாவின் மொம்பாசாவில் இன்றும் நிற்கும் ஜீசஸ் கோட்டையை வடிவமைத்தவரும் அவரே. ஆக, இத்தாலி தன் வீழ்ச்சியிலிருந்து கற்ற பாடம் நூறு ஆண்டுகளுக்குள் மலாக்கா நீரிணைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மதிலுக்கு நான்கு வாசல்கள் இருந்தன. அவற்றில் அன்றாடப் போக்குவரத்துக்குத் திறந்திருந்தவை இரண்டு: பண்டார் ஹிலிர் பக்கம் செல்லும் புனித அந்தோணியார் வாசலும், பாலத்தைக் கடந்து கடைவீதிக்குச் செல்லும் சுங்கச்சாவடி வாசலும். தமிழர்களுக்கு நெருக்கமான வாசல் இந்த இரண்டாவதுதான். கிறிஸ்தவ ஆட்சியாளர்களும் படையும் மதிலுக்குள் இருக்க, வணிகம் ஆற்றின் மறுகரையில் நடந்தது. அங்கே உப்பே புறநகரில் ஜாவாக்காரர்களின் கம்பமும் தமிழ் வணிகர்கள் வாழ்ந்த கெலிங் கம்பமும் இருந்தன. நயினா சட்டு என்ற தமிழ் வணிகர் போர்த்துகீசியருக்கு உதவி, புதிய ஆட்சியில் பெண்டஹாரா பதவியும் பெற்றவர். உப்பே புறநகருக்கு இருந்த காப்பு கல்மதில் அன்று, வெறும் தடுப்பரண். யாருக்குக் கல், யாருக்குக் கழி என்பதே அந்த நகரின் அதிகார வரைபடம். நகரின் செல்வம் மதிலுக்கு வெளியே பிறந்தது, மதிலுக்கு உள்ளே காக்கப்பட்டது.

இனி கல்லுக்கு வருவோம். மலாக்காக் கோட்டைக்குப் பயன்பட்டது லேட்டரைட் எனப்படும் செம்புராங்கல். இது எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை அன்று, மண்ணே முதிர்ந்து கல்லானது. வெப்பமும் மழையும் மிகுந்த நாட்டில், ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெறும் மலாக்கா போன்ற இடத்தில், மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நீரில் எளிதில் கரையும் சுண்ணம், பொட்டாசியம், சோடியம் முதலியவை முதலில் போகும். மெல்ல மெல்ல மணற்சத்தான சிலிக்காவும் போகும். கரைய மறுக்கும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடும். நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறி வறட்சியில் இறங்கும்போது, இரும்பு ஓரிடத்தில் கரைந்து வேறோரிடத்தில் படியும். துரு நிறத்தில், புழு அரித்த மரம் போல் துளை துளையாக ஓர் அடுக்கு உருவாகும். அதுவே செம்புராங்கல். மலேசிய மண்ணியலாளர்கள் இப்படிப்பட்ட சரளை நிறைந்த ஒரு மண்வகைக்கு மலாக்கா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். செம்பனை நடுபவர்களுக்கு அது பிடிக்காத மண். வேர் ஆழமாக இறங்காது, ஈரம் தங்காது, மண்வெட்டி சரளையில் பட்டுத் திரும்பும். பயிருக்கு ஆகாத அந்தக் குணமே மதிலுக்கு வரமாயிற்று.

இந்தக் கல்லின் வியப்பான இயல்பு, தரைக்குள் ஈரமாக இருக்கும்வரை மென்மையாக இருப்பது. கோடரியாலும் உளிக்கோலாலும் செங்கல் போல வெட்டி எடுக்கலாம். வெட்டிய துண்டைக் காற்றில் வைத்து, மாறி மாறி நனையவும் காயவும் விட்டால், அதிலுள்ள இரும்புச் சேர்மங்கள் நீரை இழந்து படிகமாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு மீண்டும் நனைத்தாலும் பழைய மென்மை திரும்பாது. பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆய்வாளர் மலபாரின் அங்காடிப்புரத்தில் மக்கள் இப்படி வெட்டி வீடு கட்டுவதைக் கண்டு, 1807இல் வெளியான தம் பயண நூலில் இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். அறிவியல் பெயர் அப்போதுதான் வந்தது, தொழில் அறிவு அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. அங்கோர்க் கோயில்களின் உள்ளுடல் இந்தக் கல்லால் ஆனது. மலாக்காவிலும் கல் வெட்டுவதைக் கற்றுக்கொடுக்க யாரும் லிஸ்பனிலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. மசூதியிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் பிடுங்கிய கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியதாகப் போர்த்துகீசியக் குறிப்புகளே சொல்கின்றன. அப்படியானால் கல் வெட்டி அடுக்கத் தெரிந்த கைகள் இங்கே முன்பே இருந்தன என்றுதான் பொருள். கரைக்கு எதிரே உள்ள உப்பே தீவைப் போர்த்துகீசியர் கல் தீவு என்றே அழைத்தார்கள். கோட்டைக்குக் கல் வெட்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். செம்புராங்கல் கருங்கல்லை நோக்க மிகவும் பலவீனமானது அல்லவா? உண்மைதான். நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும், சாதாரணச் செம்புராங்கல் சில பத்துக் கிலோவோடு நின்றுவிடும். ஆனால் ஒரு பொருள் போதுமா என்பதை அதன்மேல் ஏற்றும் சுமையோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயர மதிலை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் கல்லின் எடை ஏறத்தாழ இரண்டு டன். மதிலின் அடியில் ஒரு சதுர மீட்டர் இடத்தின்மேல் இறங்கும் பாரம் 20 டன், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் இரண்டு கிலோ. செம்புராங்கல் இதைப் போல் பல மடங்கு தாங்கும். மதிலுக்குக் கருங்கல்லின் பலம் தேவையே இல்லை. தேவைப்படுவது பருமன், நல்ல பிணைப்பு, பழுதானால் உடனே அடுத்த கல் கிடைப்பது. மூன்றும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல இறுகி மீண்டும் சுண்ணக்கல்லாகவே மாறும். துளை நிறைந்த கல்லில் சாந்து உள்ளிறங்கி வேர் பிடிக்கிறது. வழுவழுப்பான கருங்கல்லில் அந்தப் பிடி கிடைக்காது.

பீரங்கிக் குண்டின் கணக்கு இன்னும் சுவையானது. கெட்டியான கல்லில் வேகமாக மோதும் இரும்புக் குண்டு விரிசலை உண்டாக்கும், அந்த விரிசல் நெடுந்தூரம் ஓடும், பெரிய பாளம் பெயர்ந்து விழும். துளைகள் நிறைந்த கல்லில் மோதினால் மோதிய இடத்துத் துளைகள் நொறுங்குகின்றன. குண்டின் ஆற்றல் அந்தச் சிறிய இடத்திலேயே செலவாகிவிடும், பக்கத்துக் கல்லுக்கு அதிர்ச்சி அதிகம் போகாது. இதற்குப் புகழ்பெற்ற சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது. செயின்ட் அகஸ்டினில் ஸ்பானியர் கட்டிய கோட்டை கடற்சிப்பிகள் இறுகி உண்டான மென்மையான கல்லால் ஆனது. 1702இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுச் சுட்ட குண்டுகள் மதிலை உடைக்க முடியாமல் அதற்குள்ளேயே புதைந்தன. மலாக்காவின் செம்புராங்கல்லும் அதே இனத்து இயல்பு கொண்டது, அதற்குப் பின்னால் மண் நிரப்பிய கொத்தளங்கள் வேறு. 1568இல் அச்சே படை வந்து திரும்பியது. 1606இல் டச்சுக் கப்பற்படை முற்றுகையிட்டுத் தோற்றது. 1629இல் சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் பெரும்படை வந்தும் மதில் கைமாறவில்லை. எதிரிகளிடம் நல்ல பீரங்கி இல்லாததால்தான் கோட்டை தப்பியது என்று சொல்வதற்கில்லை. அச்சேவுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே துருக்கிய உஸ்மானியப் பேரரசிலிருந்து பீரங்கிகளும் வல்லுநர்களும் வந்தார்கள். மதிலைக் காக்கக் கோவாவிலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் துணைப்படை வந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் துணைப்படை வந்து சேரும்வரை காலத்தை வாங்கிக் கொடுத்தது மதில்.

1641இல் டச்சுக்காரர் பிடித்துவிட்டார்களே, அது இந்த வாதத்தை முறிக்காதா? அந்த முற்றுகையை நெருங்கிப் பார்த்தால் வாதம் வலுப்படவே செய்கிறது. ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர் 1640 ஆகஸ்டில் முற்றுகையிட்டார்கள். கனரகப் பீரங்கிகள் மதிலின் சில பகுதிகளைச் சிதைத்தது உண்மை. ஆனாலும் நகர் விழ ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. வெளியே டச்சுப் படைத்தலைவர்கள் இருவர் அடுத்தடுத்து நோயில் மாண்டார்கள். 1641 ஜனவரி 14 அன்று கடைசித் தாக்குதல் நடந்தபோது மதிலின்மேல் நின்று போரிடத் தெம்புள்ள ஆட்கள் சொற்பம். அரிசி வரும் வழியும் ஆள் வரும் வழியும் அடைபட்டால் எந்த மதிலும் உள்ளிருப்போருக்குச் சிறைச்சுவர்தான். கல் தோற்கும் முன் வயிறு தோற்றது. வென்ற டச்சுக்காரரும் கோட்டையை வேண்டாமென ஒதுக்கவில்லை, பழுதுபார்த்துப் புதுக் கொத்தளமும் கட்டினார்கள். சாந்தியாகோ வாசலின் முகப்பில் அவர்களுடைய கிழக்கிந்திய நிறுவனத்தின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் இன்றும் செதுக்கலாகத் தெரிகின்றன. பிடித்தவனே திரும்பக் கட்டிக்கொண்டான் என்பது அந்த மதிலுக்குக் கிடைத்த நற்சான்று.

எல்லாவற்றையும் விடத் தெளிவான சான்று கோட்டையின் முடிவில் இருக்கிறது. 1795இல் மலாக்காவைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், அது என்றாவது டச்சுக்காரரிடமே திரும்பிப் போகும், அப்போது வலுவான கோட்டை தமக்கு எதிராக நிற்கும் என்று அஞ்சினார்கள். பினாங்கின் வணிகத்துக்குப் போட்டி வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. 1807இல் வில்லியம் ஃபார்குவார் இடிப்பு வேலையை நடத்தினார். இதைச் சிறுவனாகப் பார்த்தவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் 1796இல் அரபு, தமிழ் மரபுகள் கலந்த குடும்பத்தில் பிறந்து, அக்காலத்து மலாக்காவில் கணக்கு வழக்குக்கு வேண்டியிருந்த தமிழையும் கற்றவர் அவர். முதலில் கூலியாட்கள் கருவிகளால் உடைக்கப் பார்த்தும் மதில் அசையவில்லை, ஆட்கள் காயப்பட்டார்கள், நோயுற்றார்கள், மதிலில் பேய் குடியிருக்கிறது என்ற அச்சம் பரவியது என்று தம் வரலாற்று நூலில் அவர் எழுதுகிறார். பிறகு அடியில் குழி பறித்து வெடிமருந்து வைத்தபோது யானையளவும் வீட்டளவும் பாளங்கள் வானில் எழுந்து விழுந்தனவாம். இதில் பேயை விலக்கிவிட்டுப் பார்த்தால் கிடைப்பது பொறியியல் உண்மை. கற்கள் ஒவ்வொன்றாக உதிராமல் வீட்டளவு பாளமாகப் பெயர்ந்தன என்றால், மூன்று நூற்றாண்டுகளில் சாந்தும் கல்லும் ஒரே உடலாக இறுகிவிட்டிருந்தன. மேலிருந்து தட்டினால் அது உடையாது. அடியிலிருந்து வெடித்து மேல்நோக்கி இழுத்தால் உடையும், ஏனென்றால் எந்தக் கல்கட்டும் அழுத்தத்தைத் தாங்குமே தவிர இழுவிசையைத் தாங்காது.

வாசல் மட்டும் இன்றும் நிற்பதற்கும் அதே விதிதான் காரணம். ஸ்டாம்ஃபோர்டு ராபிள்ஸ் காப்பாற்றினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவர் மலாக்காவுக்கு வந்தது 1808இல், அதற்குள் மதிலின் பெரும்பகுதி போய்விட்டது. நகரையே கைவிட வேண்டாம் என்று அவர் மேலிடத்துக்கு எழுதியதன் பயன் பெரிது. ஆனால் இடிக்காமல் விடுவது வேறு, இரண்டு நூற்றாண்டு மழையில் விழாமல் நிற்பது வேறு. அந்த இரண்டாவது வேலையைச் செய்வது வளைவு. வளைவில் ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு மேலுள்ள பாரத்தை இரு பக்கமும் இறக்குகின்றன, எந்தக் கல்லும் இழுபடுவதில்லை, எல்லாமே அழுந்துகின்றன. அழுத்தத்தைத் தாங்குவதே செம்புராங்கல்லுக்குத் தெரிந்த கலை. வளைவு பக்கவாட்டில் தள்ளும் விசையை ஒருகாலத்தில் நெடிய மதில் வாங்கிக்கொண்டது. மதில் போன பிறகும் வாசலின் சொந்தப் பக்கச்சுவர்கள் தடிமனாக இருந்ததால் அந்தத் தள்ளலைத் தாங்குகின்றன. மதிலிலேயே பலவீனமான இடம் வாசல்தான் என்பது போர்க்கலையின் பழைய பாடம். அதனால்தான் அதைச் சுற்றி மிகுந்த கவனத்தோடும் பருமனோடும் கட்டினார்கள். பலவீனத்துக்கு அஞ்சிக் கட்டிய இடமே மற்ற எல்லாவற்றையும் விட நீண்ட நாள் நின்றது.

இன்னொரு மறுப்பு உண்டு, அது அறிவியலைச் சார்ந்தது அன்று, ஆனால் நியாயமானது. அடிமைகளை வேலை வாங்கி, வழிபாட்டிடத்துக் கல்லைப் பெயர்த்துக் கட்டிய ஓர் ஆதிக்கக் கோட்டையை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அறிந்துகொள்ள வேண்டும், அறியும்போது யாருடைய அறிவு அதில் இருக்கிறது என்பதையும் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோட்டை முழுவதும் ஐரோப்பியரின் திறமை என்று சொன்னால், வெட்டியவர், சுமந்தவர், சுண்ணாம்பு சுட்டவர் எல்லாரும் இரண்டாம் முறையும் அழிக்கப்படுகிறார்கள். கூர்முனைக் கொத்தளத்தின் கணக்கு இத்தாலியருடையது. எந்தப் படுகையில் எந்த ஆழத்தில் நல்ல கல் கிடைக்கும், எப்போது வெட்ட வேண்டும், எவ்வளவு நாள் காய வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் உழைத்தவர்களுடையது. செம்மண் சடக்கில் நடந்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொன்னால், அந்த வாசல் யாரோ ஒரு வெள்ளைக்காரரின் நினைவுச்சின்னமாக மட்டும் தெரியாது.

பேச வேண்டிய நடைமுறை விஷயமும் இருக்கிறது. 1807இல் அழிந்தது தரைக்கு மேலிருந்த மதில்தான், அடித்தளத்தில் பெரும்பகுதி நகருக்குக் கீழே கிடக்கிறது. 2004இல் டத்தாரான் பாலாவான் கட்டுமானத்தின்போது சாந்தியாகோ கொத்தளத்தின் எச்சம் வெளிப்பட்டது. 2006இல் 110 மீட்டர் உயரச் சுழல் கோபுரத்துக்காகத் தோண்டிய இடத்தில் டச்சுக் காலத்து மிடில்பர்க் கொத்தளம் கிடைத்தது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள், அது சரியான முடிவு. 2008இல் மலாக்கா உலக மரபுரிமை நகரானது. இரண்டு கண்டுபிடிப்புகளும் தற்செயலாக நிகழ்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய வரைபடங்கள் கையில் இருக்க, மதில் ஓடிய பாதையில் எந்தக் கட்டடம் எழுவதற்கு முன்பும் அகழ்ந்து பார்ப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். பழுதுபார்க்கும்போது சிமெண்டைப் பூசக் கூடாது. சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். கடற்காற்றின் உப்பு கல்லின் துளைகளில் படிகமாகி உள்ளிருந்தே அதைப் பொடியாக்கும். கல் மூச்சுவிட வழிவிடும் சுண்ணாம்புச் சாந்தே அதற்கு ஏற்றது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுகளையும் ஆளுநர் பெயர்களையும் சொல்லி முடித்ததும், அந்தக் கல் எந்த மண்ணிலிருந்து வந்தது, அதை வெட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லுங்கள்.